சிவப்புக் கூடையில் கிடந்த பாட்டு

மூக்கண்டப்பள்ளி
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள அஸ்பி,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். ஹரீஷ்குமார் நம்பரையும் செய்துவிட்டாய் என்று நேற்றுதான் தெரிந்தது. பாவம், பேஸ் கிட்டார் வாசித்ததைத் தவிர அவன் வேறு ஒரு பாவமும் செய்யவில்லை. தபால் ஆபீஸை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பேனாவைப் பிடித்ததும் கை தானாகப் பரீட்சைத் தமிழில் ஓடுகிறது. சிரிக்காதே.

ஆல்பம் வெளியே வந்துவிட்டது. ‘கேன்டீன் மணி’, ஏழு பாட்டு. ‘பி ஷிஃப்ட்’ என்ற நம் பேண்டின் பெயருக்குக் கீழே மூன்று பேர் பெயரும் இருக்கிறது. உன் பெயரை நான் எடுக்கவில்லை. மே மாதம் நீ நாலாவது பாட்டைப் பாதி கேட்டுவிட்டு, தட்டில் போட்ட தக்காளிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினாய் அல்லவா? அதற்குப் பிறகு நானும் அந்த ஆல்பத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த ஒரு காலையில் ஃபைல்களை ஏற்றி விட்டதோடு சரி. கம்பெனியிலும் அப்படித்தானே, லாரி கேட்டைத் தாண்டினால் அந்தப் பீஸை மறுபடி யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் கேட்டவர்கள் சொன்னதையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். ஏழு வருஷமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்பவளுக்கு வேறு என்ன தெரியும்? ஒரு தாளில் பெயர், ஊர், நிறை, குறை, முடிவு என்று கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். முடிவு என்ற கட்டத்தில் மூன்றில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்: அனுப்பலாம், திருத்தலாம், தள்ளலாம்.

கேன்டீன் கருப்பாயி அக்கா சொன்னார், “ஏம்மா, ஆறு பாட்டுல கத்துற, ஒண்ணுல மட்டும்தான் பாடுற. ஆனா பாத்திரம் கழுவறப்ப கேட்டா வேலை சீக்கிரம் முடியுது.” முடிவு: அனுப்பலாம். நம் வீட்டுக்கார சரோஜம்மாள் ஏழு பாட்டுக்கும் சேர்த்து ஒரே குறை எழுதினார்: “கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கவும்.” அத்திப்பள்ளியிலிருந்து வரும் அந்தக் கன்னடத்துப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை புரியவில்லையாம், ஆனாலும் “தும்ப சென்னாகிதே”, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொல்லி, பஸ்ஸில் தூங்காமல் கேட்டேன் என்றாள். இன்டர்நெட்டில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், “முதல் மூன்று பாட்டும் ஒரே மாதிரி. கடைசிப் பாட்டு அதைவிட ஒரே மாதிரி” என்று போட்டிருக்கிறார். இன்னொருவர் பாடகிக்குச் சளியா என்று கேட்டிருக்கிறார். சளி இல்லை, என் தொண்டையே அப்படித்தான் என்று பதில் போட்டேன்.

ஒரு விஷயம். பாதிப் பேருக்கு மேல் நாலாவது பாட்டைத்தான் பிடித்திருக்கிறது. ‘ராகிக் கொல்லை’. அதிலும் டிரம்ஸ். “யார் அந்த டிரம்மர்?” என்று பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? ஒரு கண்ணா, இரண்டுமா?

உன்
பிரவீனா

*

தேன்கனிக்கோட்டை
14 ஜூலை 2025

ஃபைனல் இன்ஸ்பெக்டர் பிரவீனா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா டீ?

ஏழு பாட்டுக்கும் நான்தான் வாசித்தேன். ஒன்றில் மட்டும் என் கையை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் டிரம்ஸை வைத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே ஹரீஷ் ஸ்பீக்கரில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு. இப்போது அந்தக் கம்ப்யூட்டரை ஊரே பாராட்டுகிறது என்று எனக்கே எழுதி அனுப்புகிறாய். பதினொரு பேர் கேட்டார்களா? பிளக்கைக் காட்டி இதுதான் டிரம்மர் என்று சொல்ல வேண்டியதுதானே.

டிசம்பரில் எங்கள் கோடவுனுக்கு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஜவளகிரி ரோட்டில், தார்ப்பாயும் கயிறும் அடுக்கிய தகரக் கூரைக்குக் கீழே நீயும் நானும் ஹரீஷும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்தோம். சாயங்காலம் ஆறரை இருக்கும். பாட்டின் நடுவில் பக்கத்துக் கொல்லைகளில் தகரம் தட்ட ஆரம்பித்தார்கள். ராகி முற்றியிருந்தது, யானை காட்டோரம் வந்துவிட்டது. நீ பாதியில் நிறுத்தப் பார்த்தாய். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவர்கள் தட்டுவதை எடுத்து அதற்குள்ளேயே என் தாளத்தை வைத்தேன். அவர்கள் வேகமாகத் தட்டினால் நானும் வேகம், அவர்கள் நிறுத்தி மூச்சு வாங்கினால் நானும் நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அப்படி நான் வாசித்ததே இல்லை. உன்னிடம் அதைச் சொல்லவில்லை, உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

நீ அதைத் தள்ளிவிட்டாய். ‘வெளிச்சத்தம்’ என்று எழுதிச் சிவப்பு ஃபோல்டரில் போட்டாய். காவேரிப்பட்டணத்தில் மாமரத்துக்கு அடியில் வளர்ந்தவள் நீ, ராகிக் காவலைப் பற்றிப் பாட்டு எழுதுகிறாய். காவல் சத்தம் கேட்டதும் அதைக் குறை என்கிறாய். நன்றாக இருக்கிறது.

அதற்குப் பிறகு குச்சியை எடுத்தால் கை கூசுகிறது. என் கையில் ஏதோ கோளாறு, அதனால்தான் மிஷின் வைத்தாள் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. டிரம்ஸ் கோடவுனில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. தளி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியார் குருமூர்த்தி என்பவர், பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார். ஆகஸ்ட் முதல் தேதி வெள்ளிக்கிழமை வேன் கொண்டு வருவார். கொடுத்துவிடப் போகிறேன். கடையில் கயிறு அளந்து விற்பது எனக்கு நன்றாகவே வருகிறது.

அத்தாவுக்கு ஒரு கண் முடிந்தது.

நேரில் வராதே. வந்தால் ஷட்டரை இறக்கிவிடுவேன்.

அஸ்பியா

*

மூக்கண்டப்பள்ளி
27 ஜூலை 2025, ஞாயிறு

அஸ்பி,

டிரம்ஸைக் கொடுக்காதே. மற்றதை அப்புறம் படி. முதலில் அந்த வாத்தியாருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் மாரிசாமி அண்ணன் வியாழக்கிழமை என் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நிறை என்ற கட்டத்தில், “நாலாம் பாட்டில் டின் தட்டும் சத்தம் அருமை” என்று எழுதியிருந்தார். நான் சிரித்தேன். “அண்ணா, அதுல டின் எதுவும் இல்லண்ணா, கம்ப்யூட்டர்” என்றேன்.

“என்னாம்மா பேசற? எங்க மாமியார் ஊரு ஜவளகிரி. யானை ஓட்டற டின்னு எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிப் பஸ்ஸிலேயே போட்டுவிட்டார். ஏ ஷிஃப்ட் முடிந்து நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பாட்டு ஆரம்பித்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது கோடவுன், அஸ்பி. உங்கள் கூரை. உன் கை. நான் தள்ளிய அதே டேக்.

ஃபைல் ஏற்றிய அன்று பச்சை ஃபோல்டரிலிருந்து ஆறு பாட்டை எடுத்திருக்கிறேன், நாலாவதை மட்டும் சிவப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். தூக்கக் கலக்கம். சிவப்புக் கூடையில் போட்ட பீஸ் லாரியில் ஏறிவிட்டால் எங்கள் செக்‌ஷனில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஏழு வருஷத்தில் ஒரு பீஸ் அப்படிப் போனதில்லை, அந்தப் பெருமையில்தான் நடந்துகொண்டிருந்தேன். என் சொந்தப் பாட்டில் போய்விட்டது. பதினொரு பேர் கேட்ட அந்த டிரம்மர் நீதான் டீ.

தப்பு நடந்தால் எங்கள் செக்‌ஷனில் ஒரு தாள் கொடுப்பார்கள். ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்டு ஐந்து தடவை பதில் எழுத வேண்டும். அப்போதுதான் வேர் தெரியும் என்பார் மேனேஜர். வீட்டுக்கு வந்து எனக்கு நானே அதை எழுதினேன். அந்த டேக்கை ஏன் தள்ளினேன்? வெளிச்சத்தம் இருந்தது. வெளிச்சத்தம் இருந்தால் ஏன் தள்ள வேண்டும்? பாட்டு மறைகிறது. ஏன் மறைகிறது என்று பார்த்தால், பாட்டு மறையவில்லை, என் குரல்தான் மறைகிறது. அது ஏன்? நீ அப்படி வாசித்துக்கொண்டிருந்தாய், என் காதே உன்னை விட்டு நகரவில்லை. அப்புறம் கேட்கிறவர்கள் என்னை எங்கே கேட்பார்கள்? ஐந்தாவது ‘ஏன்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது. சரோஜம்மாள் மாடியில் துணி உலர்த்த வந்தவர், “ஏன் அழுவற?” என்று ஆறாவது ஏனையும் கேட்டுவிட்டுப் போனார்.

பொறாமை. அவ்வளவுதான். எழுதிவிட்டேன். உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. இருந்திருந்தால் மிஷின் வைத்திருக்கவே மாட்டேன்.

இன்னொன்று. செப்டம்பர் 14, ஞாயிறு மத்தியானம், மாரிசாமி அண்ணனின் டிரைவர்கள் சங்க ஆண்டு விழா, மூக்கண்டப்பள்ளி கல்யாண மண்டபத்தில். நம்மை வாசிக்கச் சொல்கிறார்கள். “அந்த டின்னு பாட்டு கண்டிப்பா வேணும்” என்று சொல்லிவிட்டார். நீ இல்லாமல் அதை நான் பாட மாட்டேன்.

இன்று காலை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தேன். தேன்கனிக்கோட்டை வண்டி நின்றுகொண்டிருந்தது. நேரில் வராதே என்று நீ எழுதியிருந்ததால் திரும்பிவிட்டேன். நாளைக் காலையில் முதல் வேலையாக இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன்.

மன்னித்துவிடு.

பிரவீனா

*

தேன்கனிக்கோட்டை
2 ஆகஸ்ட் 2025, சனி

பிரவீனா,

ஒரு மணி நேரப் பயணம். அதை உன் ஸ்பீட் போஸ்ட் ஐந்து நாள் வந்திருக்கிறது. வாத்தியார் நேற்றே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் வேனுக்குள்ளேயே தட்டிக்கொண்டு போனார்கள்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தவள், வராதே என்று எழுதினால் அப்படியே திரும்பிவிடுவாயா? அது கோபத்தில் எழுதியது டீ மண்டு, வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லை.

அத்தாவுக்கு இரண்டாவது கண்ணுக்காக நாளை சேலம் போகிறோம். மூன்று வாரம் சாச்சி வீட்டில். பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அ.

*

மூக்கண்டப்பள்ளி
10 ஆகஸ்ட் 2025

அஸ்பி,

நீ சேலத்திலிருந்து திரும்பும்போது கடை ஷட்டருக்குக் கீழே இது கிடக்கும்.

மண்டு என்று எழுதியிருந்தாய். அதை நாலு தடவை படித்தேன். சண்டைக்குப் பிறகு நீ என்னை ஒழுங்காகத் திட்டியது இதுதான் முதல் தடவை, மனசு லேசாகிவிட்டது.

டிரம்ஸ் போனதற்கு நான்தான் காரணம். அதைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை, பிள்ளைகள் தட்டிக்கொண்டு போனார்கள் என்று எழுதிவிட்டாய், அப்புறம் எப்படிக் கேட்பது. மண்டபத்தில் கச்சேரி வேண்டாம் என்று மாரிசாமி அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

இதுவரை நாற்பத்தெட்டுத் தாள் வந்திருக்கிறது. இருபத்தாறு அனுப்பலாம், பதினெட்டு திருத்தலாம், நாலு தள்ளலாம். அந்த நாலில் ஒன்று எங்கள் அம்மா. ‘படிச்ச பொண்ணு இப்படிக் கத்தலாமா’ என்று குறை எழுதிவிட்டு, நாலாவது பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு டிக் போட்டிருக்கிறார்.

கேட்க வேண்டிய ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. வெறும் தாள் இரண்டு வைத்திருக்கிறேன். தள்ளலாம் என்று எழுதினாலும் சரி, ஃபைல் செய்துகொள்கிறேன்.

பிரவீனா

*

தேன்கனிக்கோட்டை
27 ஆகஸ்ட் 2025

அடி பிரவீனா,

திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. அத்தா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் போகிறவர்களை எல்லாம், “நீ இவ்ளோ கறுப்பாடா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் தாளை இரண்டு நாள் கல்லாவுக்கு அடியில் வைத்திருந்தேன். கேட்க மனசு வரவில்லை. டிசம்பரில் நன்றாக வாசித்தேன் என்று நான் நினைத்தது பொய்யாகிவிட்டால் என்ன செய்வது? இன்று காலை ராமப்பன் வந்தார். கோடவுனுக்குப் பின்னால் இருக்கும் கொல்லை அவருடையது. ராகி விதைத்துவிட்டார், காவலுக்கு இப்போதே சாமான் சேர்க்கிறார். கயிறும் இரண்டு காலி எண்ணெய் டின்னும் கேட்டார். டின்னை வாங்கினவர் சும்மா இருக்காமல், சத்தம் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே தட்டிப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். நான் அதோடு வாசித்திருக்கிறேன்.

அவரை உட்கார வைத்து, அவருக்குப் போட்டுக் காட்டுவது போல நானும் கேட்டேன். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை, அதனால் அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். இரண்டாவது நிமிஷத்தில் தகரம் வந்ததும் மனிதர் எழுந்துவிட்டார். “நன்தே, நன்தே!” என்று கன்னடத்தில் கத்தினார். தன்னுடையதாம். “மூணாவது தட்டு லேட்டு பாரு, அன்னிக்கு எனக்குத் தோள்பட்டை வலிம்மா” என்றார். அப்புறம் காதை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “கூட ஒருத்தர் தட்டறாங்களே. அன்னிக்கும் எனக்கு அப்பிடித்தான் தோணுச்சு, எங்கியோ இன்னொரு ஆளு கூடவே தட்டறாங்கன்னு. யாரும்மா அது?”

நான் என்று சொன்னேன். பிரவீனா, நன்றாகத்தான் வாசித்திருக்கிறேன். பொய் இல்லை.

அத்தாவும் கேட்டார். “பாட்டு புரியல. ஆனா நம்ம கோடவுன் கூரை நல்லா பாடுது” என்றார்.

ராமப்பன் தன் பெயர் ஆல்பத்தில் இல்லை என்று சண்டை பிடித்தார். அவருக்கு ஒரு தாளை நிரப்பிக் கொடுத்தேன், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உனக்கு அனுப்புகிறேன். குறை என்ற கட்டத்தைக் கட்டாயம் படி. ‘தூங்கு ராகிக் கொல்லையே, காவலுக்கு நான் இருக்கேன்’ என்று நீ எழுதியிருக்கிறாய் அல்லவா, அதைத்தான் பிடித்துக்கொண்டார்: “பாட்டு எழுதின பொண்ணுக்குக் காவல் தெரியல. ஒருத்தியா இருந்து காவல் காக்க முடியாது. ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் தட்டணும், ஒருத்தர் கத்தணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் யானை உள்ள வந்துரும்.” முடிவு: திருத்தலாம்.

வரியைத் திருத்து. ‘நான் இருக்கேன்’ வேண்டாம். ‘நாம இருக்கோம்’ என்று பாடு, தாளம் இடிக்காது, தட்டிப் பார்த்துவிட்டேன்.

மாரிசாமி அண்ணனிடம் ஒன்றும் சொல்லாதே. செப்டம்பர் 14 காலை ஏழரை பஸ்ஸில் வருகிறேன். டிரம்ஸ் இல்லை, ஆனால் எங்கள் கடையில் டின்னுக்கா பஞ்சம்? ஆறு எண்ணெய் டின்னும் குச்சியும் கொண்டு வருகிறேன். கை கூசவில்லை, காலையிலிருந்து கடையில் அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், அத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முறைக்கிறார். ராமப்பனும் வருகிறார், அவருக்கு ஒரு மைக் வேண்டுமாம். கண்டக்டர் டின்னுக்கு லக்கேஜ் கேட்டால் சண்டை நடக்கும், அதனால் பஸ் கொஞ்சம் தாமதமாகலாம். வராதே என்று நான் எப்போதாவது எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்.

என் தாளையும் நிரப்பிவிட்டேன். நீ ஃபைல் செய்வதற்கு வசதியாக உன் கட்டத்திலேயே எழுதியிருக்கிறேன்.

பெயர்: அஸ்பியா, அப்துல் சலாம் மகள்.

ஊர்: தேன்கனிக்கோட்டை.

குறை: பாடகி கேட்டவர்களின் குறையெல்லாம் எழுதி வைக்கிறாள், தன் பாட்டைத் தான் கேட்பதில்லை.

நிறை: கூரை அதிர்கிறது, தகரம் அடிக்கிறது, டிரம்ஸ்காரி பேய் பிடித்தவள் மாதிரி வாசிக்கிறாள். அத்தனைக்கும் நடுவில் உன் குரல் கேட்கிறது டீ. ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. அன்று அந்தக் கோடவுனில் நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் வாசித்தேன்.

முடிவு: அனுப்பலாம்.